நத்தார் விடுமுறை மாலைகளுக்கு எதைத் தெரிவு செய்வது?

யாழ்ப்பாணத்தில் நத்தார்க் காலம் மழையோடும் வாடைக்காற்றோடும் வருகிறது. பாடசாலை விடுமுறை, வெளிநாட்டு உறவினரின் வருகை, பலகாரச் சூடு, ஆலயத்தில் பாடகர் குழுவின் ஒத்திகை, பாலன் குடில் கட்டும் வேலை எல்லாம் ஓரிரு கிழமைக்குள் நெருங்கி நிற்பதால், வீட்டிலுள்ள எல்லாரும் ஒன்றாக அமர்ந்து எதையாவது பார்க்கவோ கேட்கவோ பாடவோ கிடைப்பவை சில மாலைகள் மட்டுமே. அந்தச் சில மாலைகளை எதற்குக் கொடுப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பின்னர் நத்தார் என்று நினைவில் வைத்திருக்கப் போவது பெரும்பாலும் இந்த மாலைகளைத்தான். ஆகவே அதை முன்கூட்டியே யோசித்துத் தீர்மானிப்பது தகும்.

எங்களுக்கு முன்னால் இருக்கும் தெரிவுகள் முன்பைவிட மிக அதிகம். இணையம் வழியாக வீட்டுக்குள் வரும் ஹொலிவூட் நத்தார்ப் படங்கள், அரை மணி நேரத்தில் முடியும் பழைய தொலைக்காட்சிச் சிறப்புப் படைப்புகள், கடைத்தெருவிலும் பேருந்திலும் ஒலிக்கும் ஆங்கிலப் பாடல்கள், தமிழ்க் கீதங்களும் வீடு வீடாகச் செல்லும் கரோலும், பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் நடைபெறும் நத்தார்க் கலைநிகழ்ச்சிகளான ஒளி விழாக்கள், ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கும் கதை என்று அவை நீள்கின்றன. இவற்றை ஒப்பிடுவதற்கு நான் இரண்டு கேள்விகளை அளவுகோலாகக் கொள்கிறேன். இந்தப் படைப்பு அறையிலிருக்கும் எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறதா என்பது ஒன்று. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இதையே சலிப்பின்றித் திரும்ப எடுக்க முடியுமா என்பது மற்றையது.

இரண்டாவது கேள்விக்கு நான் கொடுக்கும் இடம் பெரிது, ஏனென்றால் நத்தார்ப் படைப்புகள் என்று உலகம் கொண்டாடுகின்றவற்றின் வரலாறே திரும்ப வருவதன் வரலாறாக இருக்கிறது. ஃபிராங் கப்ரா இயக்கி 1946இல் வெளியான 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரையரங்குகளில் எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமையை உரியவர்கள் புதுப்பிக்காமல் விட்டதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி டிசம்பர் தோறும் அதை ஒளிபரப்பத் தொடங்கின. ஆண்டுக்கு ஆண்டு வீடுகளுக்குள் வந்து வந்தே அது விழாக்காலப் படமாயிற்று. மரையா கேரி 1994இல் வெளியிட்ட நத்தார்ப் பாடலும் அப்படித்தான்: அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்தை அது எட்டியது 25 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில். முதல் தடவை பார்த்தபோது அல்லது கேட்டபோது கிடைத்த இன்பத்தைவிட, 'இதுதான் அது' என்று அடையாளம் கண்டுகொள்ளும் இன்பமே விழாக்காலத்துக்குரியது. இணையத் திரைத் தளங்கள் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் குவிக்கும் நத்தார்ப் படங்கள் இந்த இன்பத்தை மெல்ல எடுத்துவிடுகின்றன. எல்லாமே புதிதாக இருக்கும்போது எதுவும் எங்களுடையதாவதில்லை.

முதற் கேள்வி யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இன்னும் நேரடியானது. ஒரே அறையில் ஆங்கிலம் பிடிபடாத அம்மம்மா இருப்பார். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து, தமிழ் விளங்கினாலும் வேகமாகப் பேசத் தயங்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பாரிஸிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு எளிதாக இருக்கும். ஊரிலே படிக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க உச்சரிப்பு பாதி புரியும், பாதி புரியாது. இந்த அறையில் உரையாடலால் நகரும் படம் ஒன்றைப் போட்டால், யாரோ ஒருவர் மொழிபெயர்ப்பாளராகிவிடுவார், யாரோ ஒருவர் மெதுவாக எழுந்து குசினிக்குப் போய்விடுவார்.

அதனால் உரையாடல் இல்லாத படைப்புகளையே நான் முதலில் வைக்கிறேன். ரேமண்ட் பிரிக்ஸின் படநூலைத் தழுவி, பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 1982 டிசம்பர் 26ஆம் திகதி முதன்முதலில் ஒளிபரப்பிய 'த ஸ்னோமேன்' ஏறத்தாழ 26 நிமிடங்கள் ஓடுகிறது. ஒரு சிறுவன் பனியால் செய்த மனிதன் இரவில் உயிர்பெற்று, அவனை வானத்தில் அழைத்துச் சென்று, விடியலில் உருகிப்போவதே கதை. நடுவில் வரும் ஒரேயொரு பாடலைத் தவிர, கதை முழுவதும் ஹவார்ட் பிளேக்கின் இசையாலும் கையால் தீட்டிய படங்களாலும் நகர்கிறது. பனியைக் காணாத எங்கள் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்குமே என்று கேட்கலாம். ஆனால் காலையில் வெளியே ஓடிப்போய்ப் பார்க்கும் சிறுவனுக்குக் கழுத்துத் துணியும் தொப்பியும் மட்டும் மிஞ்சியிருப்பதைப் புரிந்துகொள்ளப் பனி தெரிந்திருக்க வேண்டியதில்லை. உறவினர் வந்து சில கிழமை இருந்துவிட்டுத் திரும்பிப்போகும் வீடுகளுக்கு அந்த முடிவு மிக நெருக்கமானது. சிறு பிள்ளைகள் அழக்கூடும் என்பதால் படம் முடிந்தவுடன் விளக்கைப் போட்டு ஓடிவிடாமல், சற்று நேரம் அவர்களோடு இருந்து பேசுவது நல்லது.

சிரிப்பு வேண்டுமென்றால் 1992 டிசம்பரில் ஒளிபரப்பான மிஸ்டர் பீன் தொடரின் நத்தார் அத்தியாயம் இருக்கிறது. ரோவன் அட்கின்சன் ஏறக்குறைய வாய் திறக்காமலே நடிக்கும் அது, வான்கோழிக்குள் தலை சிக்கிக்கொள்ளும் காட்சிக்காகவே பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்கும் அத்தியாயம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்: கடையொன்றில் வைத்திருக்கும் பாலன் குடிலின் உருவங்களைப் பொம்மைகளாக்கி அவர் விளையாடும் காட்சி ஒன்று அதில் வருகிறது. அதைக் குழந்தைத்தனமான விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. குடிலின் முன் செபமாலை சொல்லும் வழக்கமுள்ள வீட்டில் அது மனத்தை உறுத்தவும் கூடும். வீட்டுப் பெரியவரின் இயல்பு தெரிந்தவர் தீர்மானிக்கட்டும்.

முழுநீளப் படங்களில் மிகப் பலர் முதலில் சொல்லும் பெயர் 1990இல் வெளியான 'ஹோம் அலோன்'. உடலசைவால் வரும் நகைச்சுவை என்பதால் மொழி அதிகம் தடையாக இருப்பதில்லை. ஜோன் வில்லியம்ஸின் இசையும் ஆலயத்துப் பாடகர் குழுவின் காட்சியும் படத்துக்கு விழாவின் நிறத்தைக் கொடுக்கின்றன. தனியே வாழும் அயல்வீட்டு முதியவரும் சிறுவனும் ஆலயத்தில் அருகருகே அமர்ந்து பேசும் இடமே அந்தப் படத்தின் இதயம் என்பது என் எண்ணம். ஆனால் திருடர்களுக்கு வைக்கும் பொறிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் படிக்கட்டில் எண்ணெய் ஊற்றவோ கதவுக்கு மேல் எதையாவது கட்டித் தொங்கவிடவோ முயலாதபடி கண்காணிப்பது பெரியவர் பொறுப்பு. சிறு பிள்ளைகள் அதிகமுள்ள வீடுகளுக்கு இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

அதற்கு மேலே நான் வைக்க விரும்புவது 2019இல் வெளியான 'கிளவுஸ்'. ஸ்பெயினைச் சேர்ந்த செர்ஜியோ பாப்லோஸ் இயக்கிய இந்த அசைவூட்டப் படம், கணினியில் உருவாக்கும் முப்பரிமாண முறையை விட்டுக் கையால் வரையும் மரபுக்குத் திரும்பி, அதற்குப் புதிய ஒளி அமைப்பைச் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அசைவூட்டப் படமாகத் தெரிவானது. தொலைதூர வடக்கிலுள்ள ஒரு தீவு ஊருக்கு அனுப்பப்படும் தபால்காரன், தலைமுறை தலைமுறையாகப் பகைத்து நிற்கும் இரண்டு குடிகளுக்கு நடுவில் அகப்படுகிறான். அந்தப் பகை ஏன் தொடங்கியது என்பது அங்கே எவருக்கும் கவலையில்லை. பழையதாக இருப்பதே அதைத் தொடரப் போதுமானதாக இருக்கிறது. பிள்ளைகள் பொம்மை கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்க, கடிதம் எழுதுவதற்காக அவர்கள் பள்ளிக்குப் போக, பிள்ளைகள் ஒன்றாக விளையாடத் தொடங்கப் பெரியவர்களின் பகை தளர்கிறது. வேலிக்கும் கிணற்றுப் பங்குக்கும் வழக்குப் பேசி இரண்டு தலைமுறை முகம் பாராமலிருக்கும் உறவுகள் எங்களிடமும் உண்டு. நத்தார் விடுமுறையில் அந்த உறவுகளின் பிள்ளைகள் ஒரே தெருவில் சந்திப்பதும் உண்டு. இதைப் போல எங்கள் வாழ்வோடு ஒட்டிப் பேசக்கூடிய நத்தார்ப் படம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

கப்ராவின் 1946ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்கு மேலான நீளம், வேகமான ஆங்கில உரையாடல் என்று எங்கள் அறைக்கு எதிரான எல்லாம் அதில் இருக்கின்றன. ஆயினும் அதன் கரு வீட்டுக்கடன் சங்கம் ஒன்றை நடத்தும் சாதாரண மனிதனின் கதை. பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூட்டம் கூடும்போது, உங்கள் பணம் பெட்டிக்குள் இல்லை, அது அயலவரின் வீடாக நிற்கிறது என்று அவன் விளக்கும் காட்சியைச் சீட்டுப் பிடித்தும் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கெடுத்தும் பழகிய எங்கள் பெரியவர்கள் எவருடைய உதவியுமின்றிப் புரிந்துகொள்வார்கள். அதே படத்தில், நத்தாருக்கு முந்திய இரவு அந்த மனிதன் தன் உயிரை மாய்க்க எண்ணிப் பாலத்தில் நிற்கிறான். அப்படியொரு இழப்பைக் கண்ட வீடுகளில் முன்னறிவிப்பின்றி இதைப் போடக் கூடாது. சிறு பிள்ளைகளோடு பார்ப்பதற்கும் இது உரியதன்று. வளர்ந்தவர்கள் மட்டும் அமரும் ஓர் இரவுக்கு, முடிந்தால் முதல் நாளே ஒருவர் கதையைத் தமிழில் சொல்லி வைத்த பின்னர், இதை எடுத்துக்கொள்ளலாம்.

நத்தார்க் காலத்துக் காதல் படங்கள் என்று தளங்களில் குவிந்திருப்பவை ஒன்றைப் போல ஒன்று இருப்பவை; பலகாரம் உருட்டிக்கொண்டு பார்ப்பதற்கு மேல் அவற்றுக்கு ஒரு மாலையைக் கொடுக்க வேண்டியதில்லை. 1988 ஜூலையில் வெளியான 'டை ஹார்ட்' நத்தார்ப் படமா இல்லையா என்ற வாதம் இளைஞர்களிடம் ஆண்டுதோறும் எழுகிறது. எவ்வாறாயினும் அது குடும்பத்தோடு பார்க்கும் படமன்று. திரையரங்குக்குப் போகலாம் என்பவர்களுக்கு: எங்கள் நகரத்துத் திரையரங்குகளில் பெரும்பாலும் தமிழ்நாட்டின் புதுப்படங்களே ஓடுகின்றன, தமிழ்த் திரை நத்தார்க் கதை என்றொரு வகையை வளர்த்துக்கொள்ளவில்லை. வெளியே போய்ப் படம் பார்க்கும் அந்த அனுபவம் தனி இன்பம்தான், ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அது விடையாகாது. தமிழ் ஒலியில் ஒன்று வேண்டுமென்று கேட்கும் பதின்ம வயதினருக்கு, 2021 டிசம்பர் 24இல் நெட்பிளிக்ஸில் வெளியான மலையாளப் படம் 'மின்னல் முரளி'யைச் சொல்வேன். கேரளக் கிராமமொன்றின் தையற்காரன் மின்னல் தாக்கி வல்லமை பெறும் அந்தக் கதையில் வரும் ஆலயமும் நட்சத்திர விளக்கும் தென்னையும் நியூயோர்க்கின் பனித்தெருவைவிட எங்களுக்கு நெருக்கமானவை. தமிழ் ஒலித்தடமும் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளம். இறுதிப் பகுதியின் வன்முறை சிறுவர்களுக்கு அதிகம்.

படம் பார்ப்பதற்குச் செலவு இல்லை என்று எண்ணிவிட முடியாது. நெட்பிளிக்ஸ் போன்ற தளத்தில் ஒரு மணி நேரம் பார்க்கச் சாதாரணத் தரத்தில் ஏறத்தாழ 1 ஜிபியும் உயர் தரத்தில் 3 ஜிபி வரையும் டேட்டா செலவாகும். உயர் தரத்தில் இரண்டு மணி நேரப் படம் 6 ஜிபியை எடுத்துவிடும் என்றால், மாதப் பொதியை அளந்து பயன்படுத்தும் வீட்டுக்கு அது பெரிய பங்கு. இரவு நேர டேட்டா உள்ளவர்கள் முதல் நாள் இரவே தரவிறக்கி வைப்பது சிக்கனம் மட்டுமன்று, மழைநாளில் இணைப்பு அறுந்துபோகாமல் காக்கும் வழியும் அதுவே. மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும். அதற்குரிய விடை கதையிலும் பாட்டிலும் இருக்கிறது.

பாடல்களுக்கு வருவோம். டிசம்பர் தொடங்கியதும் கடைகளில் ஒலிப்பவற்றுள் பொனி எம் குழு 1978இல் பாடிய 'மேரிஸ் போய் சைல்ட்' எங்கள் பெரியவர்களுக்கும் தெரிந்தது. அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளர் ஜெஸ்டர் ஹெயர்ஸ்டன் எழுதி, ஹரி பெலஃபொன்டே 1956இல் பாடிய பழைய பாட்டு அது. தாளம் ஆடவைக்கும், பொருள் பெத்லகேமைவிட்டு விலகாது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது என்பதால், ஆங்கிலப் பாடல்களில் ஒன்றையே தெரிவு செய்ய வேண்டுமென்றால் இதைத்தான் தெரிவு செய்வேன். 'வாம்' இரட்டையர் 1984இல் வெளியிட்ட பாடல் இனிமையானது, ஆயினும் அது பிரிந்துபோன காதலைப் பற்றியது. நத்தார் அதில் ஒரு நாட்காட்டித் திகதி மட்டுமே. 1857இல் ஜேம்ஸ் பியர்பொன்ட் வெளியிட்ட 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் நத்தார் என்ற சொல்லே வருவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பனியில் சறுக்குவண்டி ஓட்டும் உல்லாசமே அதன் பொருள். பிள்ளைகள் பாடட்டும், அதில் பிழையில்லை. ஒளி விழாவின் முடிவுப் பாட்டாக அதை வைப்பதற்கு மட்டும் என் மனம் இடங்கொடுப்பதில்லை.

இவற்றுக்கு எதிரே எங்கள் தமிழ்க் கீதங்களை வைத்துப் பாருங்கள். 1818ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில், ஒஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்னும் சிற்றூர் ஆலயத்தில் ஜோசப் மோர் எழுதிய வரிகளுக்கு ஃபிரான்ஸ் குரூபர் மெட்டமைத்து, கிற்றார் துணையோடு இருவரும் பாடிய பாட்டு, 'ஒப்பில்லா திரு இரா' என்று தமிழில் வந்து தலைமுறைகளாகப் பாடப்படுகிறது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் காலந்தொட்டு யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய சீர்திருத்தச் சபைகளின் வீடுகளில், ஆங்கிலம் தெரியாத பாட்டிமாரும் இத்தகைய கீதங்களை ஏட்டைப் பாராமல் பாடுவார்கள். கத்தோலிக்க வீடுகளுக்குத் தங்கள் பாலன் பாடல்கள் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774இலிருந்து 1864வரை வாழ்ந்து பாடிக் குவித்த கீர்த்தனைகளும் அவரது பெத்லகேம் குறவஞ்சியும், மேலைநாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லை வளைக்காமல் எங்கள் இராகத்திலேயே இந்த விழாவைப் பாட முடியும் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் வரி தெரியாவிட்டாலும் 'ஒப்பில்லா திரு இரா'வின் மெட்டுத் தெரியும். அம்மம்மாவுக்கு வரியும் தெரியும், மெட்டும் தெரியும். அவள் தமிழிலும் பிள்ளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஒரே நேரத்தில் பாடலாம். என் இரண்டு கேள்விகளுக்கும் இதைப்போல் நிறைவான விடை சொல்லும் தெரிவு வேறில்லை. அதனால் ஒரேயொரு மாலைதான் கிடைக்கிறது என்னும் வீட்டுக்கு நான் படத்தைப் பரிந்துரைக்க மாட்டேன், பாட்டைத்தான் பரிந்துரைப்பேன்.

கேட்பதற்கு மட்டும் என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918 முதல் நத்தாருக்கு முந்திய நாள் நடைபெறும் ஒன்பது வாசகங்களும் கரோல்களும் கொண்ட வழிபாட்டைப் பிபிசி 1928இல் முதன்முதலாக ஒலிபரப்பி, 1930ஐத் தவிர ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து வருகிறது. லண்டனில் பிற்பகல் 3 மணி. எங்களுக்கு இரவு 8.30. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகக் காத்திருக்கும் வீட்டுக்கு அந்த நேரம் மிகப் பொருந்துகிறது. துணையிசை எதுவுமின்றி ஒரு சிறுவனின் குரல் மட்டும் முதற் பாட்டைத் தொடங்கும். யார் அந்தச் சிறுவன் என்பது கடைசி நேரத்தில்தான் தீர்மானிக்கப்படும். இணைய வானொலிக்குத் திரைப்படம் எடுக்கும் டேட்டாவில் மிகச் சிறு பங்கே போதும்.

ஒளி விழாவைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இது பார்ப்பவரைச் செய்பவராக மாற்றுகிறது. பாடசாலைகளும் மாவட்டச் செயலகமும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் நடத்தும் ஒளி விழாக்களில் சமய வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் பங்கெடுப்பது எங்கள் மண்ணின் நல்ல வழக்கம். நெற்றியில் திருநீற்றோடு வந்த பிள்ளை இடையனாகவோ வானதூதராகவோ வேடம் கட்டி நிற்பதை யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. இதற்கு வேர் நீளமானது: 1223இல் அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்த குடிலிலிருந்து, குருநகரிலும் பாஷையூரிலும் நாவாந்துறையிலும் வளர்ந்த தென்மோடிக் கூத்துவரை, கிறிஸ்தவக் கதையைக் கண்ணால் காணச் செய்யும் ஆசை அறுந்துபோகாமல் வந்திருக்கிறது. 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அந்த ஆசையைப் பேரரங்குகளுக்குக் கொண்டு சென்றது. அதன் திருப்பாடுகளின் காட்சியைப் பார்க்க வேறு சமயத்தவரும் திரண்டார்கள்.

ஆனால் இன்றைய ஒளி விழாக்கள் பலவற்றில் பாதி நேரம் விருந்தினர் உரைக்கும், மீதியில் பாதி ஒலித்தட்டுக்கு ஆடும் நடனத்துக்கும் போய்விடுகிறது. வாடகைக்கு எடுத்த உடையும் ஒலிபெருக்கியும் பெற்றோருக்குச் செலவு. வீட்டிலோ ஒழுங்கையிலோ நடத்தும் சிறு ஒளி விழா இந்தக் குறைகளுக்கு மாற்று. பழைய சேலை, போர்வை, அட்டை முடி போதும். பத்துப் பிள்ளைகள் இருந்தால் யோசேப்பும் மரியாளும் இடையரும் மூன்று அரசரும் ஆகிவிடலாம். உரையாடலை யாரும் எழுத வேண்டியதில்லை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தை ஒருவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்க, மற்றவர்கள் நடித்துக்கொண்டு போகலாம். 1965 டிசம்பர் 9இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான சார்லி பிரவுனின் நத்தார்ச் சிறப்பு நிகழ்ச்சியில் ஒரு சிறுவன் மேடை நடுவில் நின்று அந்த அதிகாரத்தையே சொல்கிறான். தொலைக்காட்சி நிலையத்தார் அந்த இடத்தைப் பற்றித் தயங்கியபோதும், பார்த்தவர்கள் மறக்காமல் வைத்திருப்பது அதைத்தான். தமிழ் எழுத்துக் கூட்டத் தயங்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு மாடாகவோ ஆடாகவோ ஒரு பாத்திரம் கொடுத்துவிட்டால், அடுத்த முறை வரும்போது இடையன் பாத்திரத்தை அவனே கேட்பான்.

வீடு வீடாகச் செல்லும் கரோலில் மழை ஒரு தடை, சத்தம் இன்னொன்று. மார்கழியில் திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களும் சைவ ஆலயங்களில் விடியற்காலையில் திருவெம்பாவை ஓதப்படுகிறது. சங்கும் சேமக்கலமும் தெருவில் ஒலிக்கின்றன. 2023இல் திருவாதிரை டிசம்பர் 27இல் வந்ததால், அந்தப் பத்து நாட்களுக்குள்ளேயே நத்தாரும் அமைந்தது. அத்தகைய ஆண்டுகளில் கரோல் குழு இரவு பத்து மணிக்கு முன் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவது, விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டிய அயலவருக்குச் செய்யும் மரியாதை. குரலும் ஒரு கிற்றாரும் ஒரு டோலக்கும் இருந்தால் ஒலிபெருக்கி தேவையுமில்லை.

கதை சொல்வது மிக மலிவான, நான் மிக விரும்பும் தெரிவு. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பர் 19இல் வெளியிட்ட 'எ கிறிஸ்மஸ் கரோல்' நூலின் 6,000 படிகள் நத்தாருக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. பின்னர் 1853இலிருந்து அவரே அதை மேடையேறிப் பொதுமக்களுக்கு வாசித்துக் காட்டினார். ஆகவே அது தொடக்கத்திலிருந்தே காதால் கேட்கும் கதை. கஞ்சனின் வீட்டுக்கு மூன்று ஆவிகள் அடுத்தடுத்து வரும் அந்த அமைப்பு எங்கள் பேய்க்கதை மரபுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. ஐந்து பகுதிகளாக இருப்பதால் இரண்டு இரவுக்குப் பிரித்துச் சொல்லலாம். மின்சாரம் நின்று லாம்பு வெளிச்சத்தில் அமரும்போது இதற்கு நிகரான பொழுதுபோக்கு வேறில்லை.

இவற்றையெல்லாம் நாட்களில் இருத்தினால் என் பரிந்துரை இப்படி அமைகிறது. நத்தாருக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலையை வீட்டு ஒளி விழாவுக்கும், இன்னொன்றைக் கீதங்கள் பாடிப் பழகுவதற்கும் ஒதுக்குங்கள். 24ஆம் திகதி மாலையில் 'த ஸ்னோமேன்' போன்ற குறும்படம் ஒன்று மட்டும்; அதன்பின் கிங்ஸ் கல்லூரி ஒலிபரப்பு, பிறகு ஆலயம். 25ஆம் திகதி விருந்தினரும் சாப்பாடும் பாட்டும் போதும். அன்று படம் வேண்டாம். 26ஆம் திகதி வடமராட்சி கிழக்குக்கும் முழு வடகிழக்குக் கரைக்கும் 2004இன் கடற்கோள் நினைவு நாள். உடுத்துறையில் விளக்கேற்ற மக்கள் கூடும் அந்தக் காலையில் எங்கள் வீட்டுப் பாட்டுப் பெட்டியும் அமைதியாக இருக்கட்டும். முழுநீளப் படத்துக்கு உகந்தவை 27க்கும் 30க்கும் இடைப்பட்ட நாட்கள்: ஒரு மாலை 'கிளவுஸ்', பிள்ளைகள் உறங்கிய பின்னர் வளர்ந்தவர்களுக்குக் கப்ராவின் படம். இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்த ஆண்டும் இந்த இரண்டையே போடுங்கள். புதியது ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் அதை மூன்றாவதாகச் சேர்க்கலாம், பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டாம்.

மூன்று அரசர்களின் திருநாளான ஜனவரி 6வரை குடிலைக் கலைக்காத வீடுகள் பல உண்டு. ஆனால் வெளிநாட்டு உறவினர் பெரும்பாலும் அதற்கு முன்பே புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் போவதற்கு முதல் நாள், வீட்டார் எல்லாரும் பாடும் கீதங்களைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, எந்தச் சுருதி, எந்த வரிசை, எந்தப் பாட்டுக்கு எத்தனை சரணம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரும் டிசம்பரில் ரொறன்ரோவில் அவர்கள் பாடத் தொடங்கும்போது அது தேவைப்படும்.